பாக்கெட் மூடிய பிறகு சேமித்த கட்டுரைகளை எங்கே கொண்டுபோவது?

கேட்டவர் குரோம்பேட்டையிலிருந்து கடற்கரை வரை தினமும் மின்சார ரயிலில் போய் வருகிறவர். வழியில் படிப்பதற்காகப் பாக்கெட் ஆப்பில் பல வருடமாகச் சேர்த்த கட்டுரைகள் மூவாயிரத்துக்கு மேல் இருக்கின்றன, பாதிக்கு மேல் தமிழ். ஆப் மூடப்பட்டபோது சிஎஸ்வி கோப்பை, அதாவது அட்டவணை வடிவிலான பட்டியலை, இறக்கி வைத்துக்கொண்டார். இனி இன்னொரு நிறுவனத்தை நம்ப மனமில்லை என்கிறார். ஓப்பன் சோர்ஸில் எது சரிவரும், வீட்டில் சும்மா கிடக்கும் பழைய லேப்டாப்பில் அதை ஓட்ட முடியுமா, உபுண்டு ஓரளவு தெரிந்தால் போதுமா என்பவைதான் கேள்விகள்.

உங்களுக்கு என் பதில் வாலாபேக், கட்டுரைகளைச் சேமித்துப் பிறகு படிக்க உதவும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். லேப்டாப் போதும், உபுண்டு அறிவும் போதும். ஆனால் எந்த ஆப் என்று முடிவு செய்வதற்கு முன்னால் செய்ய வேண்டிய அவசர வேலை ஒன்று இருக்கிறது. அதை முதலில் சொல்கிறேன்.

உங்கள் கையில் இருக்கும் சிஎஸ்வி கோப்பில் கட்டுரைகள் இல்லை. தலைப்பு, இணைய முகவரி, சேர்த்த நேரம், டேக், படித்ததா இல்லையா என்ற குறிப்பு, அவ்வளவுதான். பாக்கெட் நமக்காக எடுத்து வைத்திருந்த உரை 2025 ஜூலை 8-ஆம் தேதி சேவை நின்றபோது நம் கைக்கு எட்டாமல் போய்விட்டது. ஆக, உங்களிடம் இருப்பது மூவாயிரம் முகவரிகள் கொண்ட ஒரு பட்டியல். அந்த முகவரிகளில் இன்று எத்தனை உயிரோடு இருக்கின்றனவோ, அத்தனை கட்டுரைகளைத்தான் மீட்க முடியும். அடுத்த மாதம் அதிலும் சில குறையும். தமிழ் வலைப்பதிவுகளையும் சிற்றிதழ்த் தளங்களையும் பின்தொடர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆண்டுச் சந்தா கட்டாமல் டொமைன் கைவிட்டுப்போகும், ஆசிரியர் காலமான பின் தளத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது, நாளிதழ்கள் தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய லிங்க்குகள் எல்லாம் முகப்புப் பக்கத்துக்குத் திரும்பிவிடும்.

அதனால் எந்த ஆப் அழகாக இருக்கிறது என்று ஒரு மாதம் ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டாம். ஏதாவது ஒன்றை நிறுவி, இந்த வாரமே உரையை உங்கள் வட்டுக்குள் இழுத்துவிடுங்கள். நான் சொல்லப்போகும் ஆப்கள் எல்லாவற்றிலிருந்தும் பின்னால் வெளியேற வழி உண்டு.

"இன்னொரு நிறுவனத்தை நம்ப மனமில்லை" என்று எழுதியிருந்தீர்கள். அந்த உணர்வு சரி. அதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓப்பன் சோர்ஸ் என்ற முத்திரை மட்டும் உங்களைக் காப்பாற்றாது. ஆம்னிவோர் நல்ல உதாரணம். அது முழுக்க ஓப்பன் சோர்ஸ், இலவசம், பாக்கெட்டைவிட நன்றாக இருந்தது என்று பலர் அதற்கு மாறினார்கள். 2024 அக்டோபரில் அதை உருவாக்கிய குழு லெவன்லேப்ஸ் என்ற குரல் தொழில்நுட்ப நிறுவனத்தில் சேர்ந்தது. நவம்பரில் சேவையை மூடிப் பயனர்களின் தரவை அழித்தார்கள். நிரலின் மூலம் இன்றும் பொதுவில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் நிறுவிக்கொள்ளலாம். ஆனால் அவர்களுடைய சர்வரில் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு, சில வாரக் கெடுவுக்குள் இறக்கிக்கொள்ளாவிட்டால் எல்லாம் போச்சு. இதற்கு முன் இதே போன்ற வாசிப்புச் சேவைகளில் கூகுள் ரீடர் 2013 ஜூலையில் போனது, ரீடபிலிட்டி சேவை 2016 செப்டம்பரில் போனது. பாக்கெட்டே 2007-இல் ரீட் இட் லேட்டர் என்ற பெயரில் தொடங்கி, 2012-இல் பெயர் மாறி, 2017-இல் மொசில்லா கைக்குப் போன ஒன்று. மொசில்லா லாப நோக்கமில்லாத அறக்கட்டளையின் கீழ் இருப்பது என்ற நம்பிக்கையில் பலர் அங்கேயே தங்கினார்கள். அதுவும் உதவவில்லை.

அதனால் நான் ஒரு ஆப்பை எடை போடும்போது அதன் உரிமத்தை இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது, சேமித்த உரை எந்த வடிவில், எங்கே கிடக்கிறது, அந்த ஆப் நாளைக்கே இல்லாமல் போனாலும் நான் அதைத் திறந்து படிக்க முடியுமா என்பதைத்தான். இந்தக் கண்ணோடு பார்த்தால் பட்டியல் சீக்கிரம் சுருங்கிவிடும்.

வாலாபேக் பிரான்ஸில் 2013-இல் தொடங்கியது. முதலில் வைத்திருந்த பெயர் பாக்கெட்டை நினைவூட்டுகிறது என்று அந்த நிறுவனம் ஆட்சேபித்ததால் இப்போதைய பெயர் வந்தது. பிஎச்பியில் எழுதியது, எம்ஐடி உரிமம். பத்து வருடத்துக்கு மேலாகத் தொடர்ந்து பராமரிக்கப்படுகிறது. இந்த வகை மென்பொருளில் அது அபூர்வம். சேமித்த கட்டுரைகளை இபப் (மின்னூல்), ஜேசன் (கணினிக்கான தரவுக் கோப்பு), சிஎஸ்வி என்று பல வடிவில் ஒட்டுமொத்தமாக வெளியே எடுக்கலாம், ஜேசனில் முழு உரையும் வரும். உங்களுக்கு இதைச் சொல்வதற்கு முக்கியக் காரணம் அதன் ஆண்ட்ராய்டு ஆப். எஃப்-ட்ராய்டு என்ற ஓப்பன் சோர்ஸ் ஆப் கடையிலும் பிளே ஸ்டோரிலும் கிடைக்கும். காலையில் வீட்டு வைஃபையில் ஒருமுறை ஒத்திசைத்துவிட்டால் கட்டுரைகள் முழுதாக ஃபோனுக்குள் வந்துவிடும். அப்புறம் மாம்பலத்தில் சிக்னல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவலையில்லை. வீட்டு சர்வர் அணைந்திருந்தாலும் படிக்கலாம்.

அந்த ஆப்பில் உரையை வாசித்துக் காட்டும் வசதியும் உண்டு. அது ஃபோனில் உள்ள குரல் இயந்திரத்தைப் பயன்படுத்துகிறது. ஆண்ட்ராய்டு அமைப்புகளில் கூகுளின் தமிழ்க் குரலை இறக்கிவைத்தால் தமிழ்க் கட்டுரையைத் தமிழிலேயே வாசிக்கும். கூட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நாட்களில் இதன் அருமை தெரியும். ஆங்கிலச் சொற்களும் எண்களும் கலந்து வரும் இடத்தில் கொஞ்சம் தடுமாறும், ஆனால் கட்டுரை புரியும்.

தமிழில் தேடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒப்பீட்டுக் கட்டுரைகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட வருவதில்லை. நிறைய சிறிய ஆப்கள் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தின் முழுவுரைத் தேடலை நம்பியிருக்கின்றன. அதில் இயல்பாக உள்ள சொற்பிரிப்பான், யூனிகோடில் எழுத்து, எண் என்று வகைப்படுத்தப்பட்டவற்றை மட்டும்தான் சொல்லின் பாகமாக எடுத்துக்கொள்ளும். நம்முடைய துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் யூனிகோடில் குறி என்ற வேறு வகை. விளைவாக, அமைப்பை மாற்றாமல் அப்படியே பயன்படுத்தும் ஆப்பில் "பால்" என்ற சொல் ப, ல என்று இரண்டு துண்டாக உடைந்துவிடும். "போல" என்பதும் அதே ப, ல தான். பால் விலை பற்றிச் சேமித்த கட்டுரையைத் தேடினால் "போல" என்ற சொல் வரும் கட்டுரை எல்லாம் வந்து நிற்கும். அமைப்பில் குறி வகைகளையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னால் இது சரியாகிவிடும், ஆனால் அதை ஆப் எழுதியவர்தான் செய்ய முடியும். எந்த ஆப்பை முயன்றாலும் பத்துத் தமிழ்க் கட்டுரைகளைப் போட்டு "பால்" என்று தேடிப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

வாலாபேக் இந்தச் சிக்கலில் மாட்டுவதில்லை. அது சொற்பிரிப்பு எதுவும் செய்யாமல், நீங்கள் தட்டிய எழுத்து வரிசை உரையில் எங்கே இருந்தாலும் கண்டுபிடிக்கும் எளிய முறையைப் பயன்படுத்துகிறது. பெரிய தொகுப்பில் இது மெதுவான முறைதான், மூவாயிரம் கட்டுரைக்கு ஒன்றும் தெரியாது. தமிழுக்கு இது நல்லதாகவே போயிற்று. "மழை" என்று தேடினால் மழையில், மழையால், பெருமழை எல்லாம் கிடைக்கும். "மரம்" என்று தேடினால் மட்டும் மரத்தில், மரங்கள் என்பவை வராது. அங்கே "மர" என்று நிறுத்திக்கொள்ள வேண்டும்.

குறைகளும் உண்டு. வாலாபேக்கின் பிடிஎஃப் ஏற்றுமதியைத் தமிழுக்குத் தொடவே தொடாதீர்கள். அது பயன்படுத்தும் நூலகத்துக்கு இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியாது, ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி விழும். இபப் எடுங்கள், அது சுத்தமாக வரும். படிக்க எத்தனை நிமிடம் ஆகும் என்று அது காட்டும் எண்ணையும் தமிழ்க் கட்டுரைகளுக்கு நம்ப வேண்டாம். படங்கள் இயல்பாக மூலத் தளத்திலிருந்துதான் காட்டப்படும், அந்தத் தளம் போனால் படமும் போய்விடும். படங்களையும் இறக்கிக்கொள்ளும் அமைப்பு நிர்வாகப் பக்கத்தில் இருக்கிறது, இறக்குமதிக்கு முன்பே அதை இயக்கிவிடுங்கள்.

இரண்டாவதாக நான் மதிக்கும் ஆப் ரீடெக். உண்மையில், ரயில் பயணம் இல்லாமல் வீட்டில் டேப்லெட்டிலோ இ-ரீடரிலோ படிப்பவராக நீங்கள் இருந்திருந்தால் இதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். கோ மொழியில் எழுதப்பட்ட ஒரே கோப்பு. இறக்கி, இயக்கினால் ஓடும், தனியாகத் தரவுத்தள சர்வர் எதுவும் வேண்டாம். ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியின் பழைய மாடலிலும் சுகமாக ஓடும். உரை எந்த வடிவில் கிடக்கிறது என்ற என் முதல் கேள்விக்கு இதைவிடத் தெளிவாகப் பதில் சொல்லும் ஆப் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஒவ்வொரு கட்டுரையும் அதன் படங்களோடு சேர்ந்து ஒரு தனி ஜிப் கோப்பு. ரீடெக் நாளைக்கே மறைந்தாலும் அந்த ஜிப்பைப் பிரித்து பிரவுசரில் திறந்து படிக்கலாம். ஹைலைட் வசதி நன்றாக இருக்கிறது. ஒரு தொகுப்பை அப்படியே ஒரு இபப் நூலாக்கித் தருகிறது. கேஓரீடர் என்ற வாசிப்பு ஆப்பைப் போட்ட கருவி வைத்திருப்பவர்கள் ஓபிடிஎஸ் என்ற நூல்பட்டியல் முறை வழியாக நேரே இழுத்துக்கொள்ளலாம். ரீடெக்கால் வாலாபேக்கிலிருந்து இறக்குமதி செய்ய முடியும் என்பதால், இன்று வாலாபேக்கில் தொடங்கிப் பின்னால் இங்கே வந்தாலும் நஷ்டமில்லை. உங்களுக்கு ஏன் முதலில் சொல்லவில்லை என்றால், ஃபோனில் இணையம் இல்லாமல் படிப்பதில் வாலாபேக் ஆப் அளவுக்குப் பழுத்த ஒன்று அதற்கு வேண்டும் என்பதால்தான். காலையில் இபப் எடுத்து ஃபோனில் போட்டுக்கொள்ளலாம், ஆனால் தினமும் செய்ய அலுத்துவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். காராகீப்புக்கு இப்போது நிறையப் பேச்சு இருக்கிறது. ஹோர்டர் என்ற பெயரில் இருந்து 2025-இல் பெயர் மாறியது. லிங்க், படம், குறிப்பு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டி வைக்க நல்லது, ஏஐ வைத்துத் தானே டேக் போடும். ஆனால் பின்னணியில் ஒரு குரோம் பிரவுசரும் ஒரு தேடல் சர்வரும் ஓடும், 2 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் மூச்சுத் திணறும். டேக் போடும் வேலைக்கு உங்கள் கட்டுரைகள் வெளி நிறுவனத்தின் சர்வருக்குப் போக வேண்டும், அல்லது வீட்டிலேயே ஒரு மொழி மாதிரியை ஓட்ட வேண்டும். சாதாரண லேப்டாப்பில் ஓடக்கூடிய சிறிய மாதிரிகள் தமிழில் தரும் டேக்குகள் எனக்குத் திருப்தி தரவில்லை. லிங்க்வார்டன் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட், பிடிஎஃப், ஒற்றை எச்டிஎம்எல் கோப்பு என்று பல விதத்தில் பிடித்து வைக்கும். குழுவாகச் சேர்ந்து ஆவணப்படுத்துகிறவர்களுக்கு, ஒரு ஆய்வு மாணவர் குழுவுக்கோ பத்திரிகை அலுவலகத்துக்கோ, பொருத்தம். இப்படிப் பிரவுசரைக் கொண்டு படம் பிடிக்கும் எந்த ஆப்பிலும் அதன் டாக்கர் கொள்கலனுக்குள் (ஆப்பையும் அதற்குத் தேவையானவற்றையும் சேர்த்து ஓட்டும் பொட்டலம்) தமிழ் எழுத்துரு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் தமிழ்க் கட்டுரை கட்டம் கட்டமாகத்தான் பதிவாகும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் சேர்த்தால் தீர்ந்துவிடும். லிங்க்டிங் அருமையான புக்மார்க் மேலாளர், ஆனால் படிப்பது அதன் முதல் வேலை அல்ல. ஷியோரி சின்னது, எளியது. ஆர்கைவ்பாக்ஸ் காப்பகம் கட்டுகிறவர்களுக்கு.

சரி, வேலைக்கு வருவோம்.

லேப்டாப்பில் உபுண்டு சர்வர் பதிப்பைப் போட்டு, டாக்கர் நிறுவி, வாலாபேக்கின் அதிகாரபூர்வ டாக்கர் படிமத்தை (கொள்கலனை உருவாக்கும் மூலப் பொட்டலம்) இழுங்கள். ஒரே ஆள் பயன்படுத்த எஸ்க்யூலைட் போதும். தரவுக் கோப்புறையையும் படக் கோப்புறையையும் கட்டாயம் கொள்கலனுக்கு வெளியே இணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் கொள்கலனைப் புதுப்பிக்கும் அன்று எல்லாம் காணாமல் போகும். நிறுவியதும் பலர் தடுக்கி விழும் இடம், கொள்கலனுக்குக் கொடுக்கும் அமைப்புகளில் டொமைன் பெயர் என்ற மாறி. பிரவுசரில் நீங்கள் எந்த முகவரியைத் தட்டித் திறக்கிறீர்களோ, போர்ட் எண் உட்பட அதே முகவரிதான் அங்கே இருக்க வேண்டும். வேறாக இருந்தால் பக்கம் வண்ணமும் வடிவமும் இல்லாமல் வெறும் எழுத்தாக நிற்கும். முதல் கணக்கின் பெயர், கடவுச்சொல் இரண்டுமே ஆங்கிலச் சிற்றெழுத்தில் wallabag என்பதுதான். உள்ளே நுழைந்தவுடன் அதை மாற்றுங்கள், புதியவர்கள் கணக்குத் தொடங்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

மின்செலவுக்குப் பயப்பட வேண்டாம். திரையை மூடிவைத்த லேப்டாப் சராசரியாக 10 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாதத்துக்கு 15 யூனிட்டுக்குள்தான் வரும். புதிதாக வாங்க வேண்டிய நிலை என்றால் ரிச்சி தெருவில் அலுவலகங்கள் கழித்துவிட்ட குட்டி டெஸ்க்டாப்கள் கிடைக்கும். இந்த வேலைக்கு அவை ராஸ்பெரி பையைவிட நல்ல முதலீடு என்பது என் கருத்து. உங்களிடம் லேப்டாப் இருப்பதால் அதுவும் தேவையில்லை. அதன் பேட்டரி பாதி உயிரோடு இருந்தால்கூட, மின்வெட்டு வரும்போது தானே யூபிஎஸ் போல நிற்கும். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் கழற்றிவிடுங்கள், இருபத்து நாலு மணி நேரமும் சார்ஜில் வைப்பது ஆபத்து.

வீட்டுக்கு வெளியிலிருந்து சர்வரை அடைய வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. உங்களுக்கு அது கட்டாயம் இல்லை. வீட்டில் ஒத்திசைத்து வெளியே படிப்பதே போதும். அலுவலகத்தில் பார்த்த கட்டுரையை அங்கிருந்தே சேமிக்க வேண்டும் என்றால், ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளிப்புற ஐபி முகவரியைப் பாருங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் உங்கள் இணைய இணைப்பு பலரோடு ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்கிறது என்று பொருள். ரவுட்டரில் போர்ட் திறந்துவிட்டுப் பயன் இல்லை. சென்னையில் பல வீட்டு இணைப்புகள் இப்படித்தான். அப்போது டெயில்ஸ்கேல் போன்ற ஒன்றை லேப்டாப்பிலும் ஃபோனிலும் போட்டால் இரண்டும் ஒரே வீட்டு வலையில் இருப்பதுபோல் பேசிக்கொள்ளும். உங்கள் கருவிகளைத் தவிர வேறு யாரும் அந்த சர்வரைப் பார்க்க முடியாது என்பது கூடுதல் நன்மை. டெயில்ஸ்கேலின் ஒருங்கிணைப்பு சர்வர் அந்த நிறுவனத்துடையது. அதற்கும் மனமில்லை என்றால் ஹெட்ஸ்கேல் என்ற கட்டற்ற மாற்று உண்டு, ஆனால் அதை வைக்கப் பொது முகவரியுள்ள ஒரு சர்வர் வேண்டும்.

இவ்வளவு வேலை வேண்டாம் என்று தோன்றினால், வாலாபேக்கை உருவாக்கியவரே நடத்தும் கட்டணச் சேவை இருக்கிறது, அங்கே கணக்குத் தொடங்கலாம். ஆண்டுக்குச் சில யூரோதான். ஆம்னிவோர் கதையைச் சொல்லிவிட்டு இதைச் சொல்வது முரண்போலத் தோன்றும். ஆனால் மாதம் ஒருமுறை முழு ஜேசன் ஏற்றுமதியை இறக்கி வைத்துக்கொள்கிறவருக்கு, அந்தச் சேவை மூடினாலும் இழப்பு ஒரு மாதக் கட்டுரைகள்தான். அதே ஜேசனை அன்றைக்கே வீட்டு வாலாபேக்கில் ஏற்றிக்கொள்ளலாம். கட்டற்ற மென்பொருளின் பலன் இந்த இடத்தில்தான் கையில் கிடைக்கிறது.

இப்போது சிஎஸ்வி. பழைய வழிகாட்டிகளில் பாக்கெட் கணக்கோடு இணைத்து இறக்குமதி செய்யச் சொல்லியிருப்பார்கள், அந்த வழி இப்போது இல்லை. 2025-இல் வந்த வாலாபேக் பதிப்புகளில் பாக்கெட் சிஎஸ்விக்கென்று தனி இறக்குமதி இருக்கிறது. மூவாயிரம் வரியையும் ஒரே மூச்சில் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு முகவரிக்கும் அது நேரில் போய் உரையை எடுத்து வர வேண்டும், பாதியில் நேரம் முடிந்து நின்றுவிடும். ஒரே நாளிதழ்த் தளத்தை அடுத்தடுத்து நானூறு முறை தட்டினால் அந்தத் தளமும் உங்களைத் தடுத்துவிடும். லிப்ரெஆபீஸில் திறந்து, முந்நூறு முந்நூறு வரியாக வெட்டிக்கொள்ளுங்கள், ஒவ்வொரு துண்டிலும் முதல் தலைப்பு வரி இருக்கட்டும். வெட்டும்போது தளத்தின் பெயர்ப்படி வரிசைப்படுத்தாமல் கலந்துபோட்டால் எந்த ஒரு தளத்துக்கும் பாரம் ஆகாது. எதை முதலில் அனுப்புவது என்றால், தனிநபர் வலைப்பதிவுகள், சிற்றிதழ்கள், சிறிய செய்தித் தளங்கள். பெரிய நாளிதழ்கள் கடைசியில் போகட்டும், அவை நாளைக்கும் இருக்கும்.

இறக்குமதி முடிந்ததும் வடிகட்டியில் எச்டிடிபி நிலை (பக்கத்தைக் கேட்டபோது தளம் தந்த பதில் எண்) என்ற பெட்டி இருக்கிறது. அதில் 404 என்று போட்டால் செத்துப்போன லிங்க்குகள் வரிசையாக வரும். இவற்றை விட்டுவிட வேண்டாம். 1996-இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்கைவ், வேபேக் மெஷினில் பழைய பக்கங்களின் பிரதிகளைப் பொதுவில் வைத்திருக்கிறது. உங்கள் சிஎஸ்வியில் உள்ள சேர்த்த நேரம் என்ற பத்தியை அலட்சியப்படுத்தாதீர்கள். அது 1970 ஜனவரி 1 முதல் எத்தனை விநாடி என்ற கணக்கில் இருக்கும், அதனால் பத்து இலக்க எண்ணாகத் தெரியும். அதைத் தேதியாக மாற்றி, வேபேக் முகவரியில் அந்தத் தேதியையும் அதன் பின்னால் மூல முகவரியையும் ஒட்டினால், நீங்கள் படித்த காலத்துக்கு மிக அருகில் எடுத்த பிரதிக்கு அதுவே கொண்டுபோய்விடும். அந்த முகவரியை வாலாபேக்கில் சேர்த்துவிடலாம். வேபேக்கில் சிறிய தமிழ்த் தளங்கள்கூட ஆச்சரியப்படும் அளவுக்கு இருக்கின்றன. கிடைத்த ஒவ்வொன்றும் லாபம்.

பக்கம் கிடைத்தது என்று பொருள்படும் 200 என்ற நிலை வந்தும் உள்ளே உரை இல்லாமல் இருக்கும் கட்டுரைகள் இன்னொரு வகை. சந்தாச் சுவருக்குப் பின்னால் இருப்பவை இப்படித்தான் வரும், ஏனென்றால் சர்வர் போய் எடுக்கும்போது உங்கள் சந்தா அதற்குத் தெரியாது. நீங்கள் விகடன் சந்தாதாரர் என்றால் பிரவுசரில் உள்நுழைந்து கட்டுரையைத் திறந்து, வாலாபேக்குக்கான வாலாபேகர் என்ற பிரவுசர் எக்ஸ்டென்ஷனில் பக்கத்தின் உள்ளடக்கத்தைப் பிரவுசரிலிருந்தே எடுக்கச் சொல்லும் அமைப்பைத் தேர்ந்து சேமியுங்கள். ரீடெக்கின் எக்ஸ்டென்ஷனும் இதே முறையில்தான் வேலை செய்கிறது.

உரை வந்து, ஆனால் பாதி காணோம், அல்லது "இதையும் படிக்க" பெட்டிகள் நடுநடுவே புகுந்திருக்கின்றன என்றால் அது பிரித்தெடுக்கும் விதியின் கோளாறு. கட்டுரை எது, குப்பை எது என்று கண்டுபிடிக்கும் நிரல்கள் பத்தியின் நீளம், காற்புள்ளிகளின் எண்ணிக்கை, எவ்வளவு பகுதி லிங்க்காக இருக்கிறது என்பவற்றை வைத்து மதிப்பெண் போடுகின்றன. நாமும் அதே காற்புள்ளியைப் பயன்படுத்துவதால் தமிழுக்கும் பெரும்பாலும் சரியாகவே வரும். தவறும் தளங்களுக்கு வாலாபேக் தளவாரியான விதிக் கோப்புகளை முதலில் பார்க்கும். இவை ஃபைவ்ஃபில்டர்ஸ் என்ற குழு பொதுவில் பராமரிக்கும் தொகுப்பு. ஒரு தளத்துக்கு விதி எழுதுவது இரண்டு மூன்று வரிதான், தலைப்பு எந்தக் குறியில் இருக்கிறது, உரை எந்தக் குறியில் இருக்கிறது, எதை நீக்க வேண்டும், அவ்வளவே. நீங்கள் அடிக்கடி படிக்கும் தமிழ்த் தளங்களுக்கு எழுதினால் அந்தத் தொகுப்புக்கும் அனுப்பிவிடுங்கள். வாலாபேக் பயன்படுத்தும் எல்லாத் தமிழ் வாசகருக்கும் அது போய்ச் சேரும். நிரல் எழுதத் தெரியாதவரும் கட்டற்ற மென்பொருளுக்குச் செய்யக்கூடிய உருப்படியான பங்களிப்பு இது.

யூனிகோடுக்கு முந்தைய தளங்கள் தனி ரகம். பாமினி, டிஸ்கி, டாப் போன்ற குறியாக்கங்களில் ஏற்றிய பழைய தளங்கள், குறிப்பாக ஈழத்துச் செய்தித் தளங்களின் பழைய பக்கங்கள், உங்கள் பட்டியலில் இருந்தால், எந்த ஆப்பில் சேமித்தாலும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் வரும். தளத்தோடு வந்த எழுத்துருவை உரித்துவிட்டு உரையை மட்டும் எடுப்பதுதான் இந்த ஆப்களின் வேலை என்பதால் இது நடக்கிறது. அத்தகைய பக்கங்களை சிங்கிள்ஃபைல் என்ற எக்ஸ்டென்ஷன் கொண்டு எழுத்துருவோடு ஒரே எச்டிஎம்எல் கோப்பாகச் சேமியுங்கள். அல்லது உரையை எடுத்து என்எச்எம் கன்வர்ட்டரில் யூனிகோடாக்கிக்கொள்ளுங்கள்.

நிறுவும்போது எங்காவது சிக்கினால் சென்னையில் கேட்க ஆள் இருக்கிறார்கள். இந்திய லினக்ஸ் பயனர் குழுவின் சென்னைக் கிளையும் காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவும் பல வருடமாக இயங்குகின்றன, புதியவர்கள் தமிழிலேயே கேட்கலாம். கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதும் கணியம் தளத்தில் டாக்கர் அடிப்படைகள் கிடைக்கும்.

பேக்கப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் எத்தனை வீடுகளின் தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்தது என்று உங்களுக்குத் தெரியும், நாள்கணக்கில் மின்சாரமும் இல்லை. வீட்டுச் சர்வர் என்றால் அந்த லேப்டாப்பை மேசைக்குக் கீழே வைக்காதீர்கள் என்பதிலிருந்து தொடங்குகிறது பேக்கப். வாரம் ஒருமுறை தரவுக் கோப்புறையையும் படக் கோப்புறையையும் ஒரு வெளி வட்டுக்கு நகலெடுக்கும்படி, குறித்த நேரத்தில் தானே ஓடும் கிரான் வேலை ஒன்று போட்டுவிடுங்கள். கொள்கலனை நிறுத்திவிட்டு நகலெடுப்பது நல்லது, எஸ்க்யூலைட் கோப்பு பாதி எழுதிய நிலையில் நகலாகாமல் இருக்கும். இன்னொரு பிரதி சென்னைக்கு வெளியே இருக்க வேண்டும். ஊரில் அண்ணன் வீட்டிலோ மாமா வீட்டிலோ ஒரு பென் டிரைவ் வைத்து, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது மாற்றிவிட்டு வந்தாலும் போதும். மூவாயிரம் கட்டுரையும் படங்களோடு சேர்ந்து ஒரு சாதாரண பென் டிரைவுக்குள் அடங்கிவிடும்.

அந்தப் பிரதி உண்மையில் திறக்கிறதா என்று ஒருமுறை சோதியுங்கள். வேறொரு கணினியில் வாலாபேக்கைப் புதிதாக நிறுவி, நகலெடுத்த இரண்டு கோப்புறைகளையும் இணைத்து, உங்கள் கடவுச்சொல்லில் நுழைந்து, ஒரு தமிழ்க் கட்டுரையைப் படத்தோடு திறந்து பாருங்கள். அதுவரை பாக்கெட்டிலிருந்து வந்த மூல சிஎஸ்வியை அழிக்க வேண்டாம்.